தொப்பி வச்ச பக்கம்

எனக்கு வாய் நீளம். எங்க சுருட்டுக் கம்பெனியில வாட்ச்மேன்ல இருந்து முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அது. யாராவது ஒரு இலையை வீணாக்கினா நாலு மேஜை தள்ளி இருந்தே நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுடுவேன். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு விஷயத்துல பன்னெண்டு வருஷம் மூடியே கிடந்தது. போன வியாழக்கிழமைதான் திறந்தது. அதுக்கப்புறம் நான் தூங்கற தூக்கத்தைப் பார்த்துட்டு வீட்டுக்காரர், "உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு தொட்டுப் பாக்கறார்.

எங்க வேலை எப்படின்னா, ஒரு சுருட்டுக்கு ரெண்டு பேர். ஒருத்தி புகையிலையை அடுக்கி உருட்டி உள்கட்டு போடுவா. பத்து உள்கட்டை மர அச்சுல அழுத்தி வச்சு அடுத்தவகிட்ட தள்ளுவா. அடுத்தவ அது மேல வழவழப்பான மேலிலையைச் சுத்தி, வாயில வைக்கிற முனைக்குக் காசு அளவு இலையை வெட்டி ஒட்டுவா. அதுக்குப் பேரு தொப்பி. நான் மேலிலைக்காரி. எனக்கு உள்கட்டு போட்டுக் குடுத்தவ என் நாத்தனார், வீட்டுக்காரரோட தங்கச்சி. கல்யாணமே வேண்டாம்னு இருந்துட்டவ. எங்க வீட்டுலதான் இருக்கா. காலையில ஒரே பஸ், பகல்ல ஒரே மேஜை, ராத்திரி ஒரே கூரை. சண்டை வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், நான் ஆசையா வாங்கின வெள்ளைப் படுக்கை விரிப்பை அவ அண்ணனோட நீல பேன்ட்டோட சேர்த்து ஊறப் போட்டுட்டா. விரிப்பு முழுக்க நீலம். உப்புப் பெறாத விஷயம்தான். ஆனா அன்னைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கே, அவ மூஞ்சியைக்கூடப் பாக்காம அச்சை வெடுக்குன்னு பிடுங்கி என் பக்கம் இழுத்தேன். பத்துச் சுருட்டுக்கும் மேலிலை சுத்தி, தொப்பி ஒட்டி, ஒரு வார்த்தை பேசாம தள்ளி வச்சேன்.

சாயங்காலம் அதுல ஒண்ணைப் பத்த வச்சுப் பாத்தார், குடிச்சுப் பாத்துத் தரம் சொல்ற ருசி மேஜைக்காரர். அவருக்கு நாங்க வச்ச பேரு ஊமைக்கோட்டான். நாள் பூரா புகை விடுவார், பேச்சு மட்டும் விடமாட்டார். அன்னைக்கு முக்கால் சுருட்டு போனதும் துப்பினார். இன்னொண்ணை எடுத்துக் கத்தியால நெடுக்கப் பிளந்தார். இலையோட சாரமெல்லாம் நுனியிலதான் இருக்கும், அதனால நுனி எப்பவும் பத்த வைக்கிற பக்கம் இருக்கணும். இதுல தொப்பிப் பக்கம் இருந்தது. "உள்கட்டைத் தலைகீழா வச்சிருக்கா"ன்னு அவர் சொல்லிட்டார்.

"இல்ல சார், நான் சரியாத்தான் வச்சேன்"னு நாத்தனார் சொன்னா.

நான் அப்பத்தான் அச்சைப் பாத்தேன். தலைப் பக்கம் தெரியறதுக்கு அச்சோட ஓரத்துல சிவப்பா ஒரு பொட்டு வச்சிருப்பாங்க. அந்தப் பொட்டு எப்பவும் என் வலது கைப் பக்கம் இருக்கணும். இடது பக்கம் இருந்தது. நான் பிடுங்கின வேகத்துல அச்சு திரும்பியிருக்கு. அவ சரியாத்தான் வச்சிருக்கா, நான்தான் தலைக்குப் பதிலா கால்ல கொண்டுபோய்த் தொப்பியை மாட்டியிருக்கேன். அப்ப வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நேரம், ரெண்டு பிள்ளைங்க, என் வேலையும் போச்சுன்னா நடுத்தெருதான். வாயைத் திறக்கல.

அவளைப் பின்னாடி நரம்பு உரிக்கிற மேஜைக்கு மாத்திட்டாங்க. ஜன்னல் இல்லாத இடம். ஈர இலையில நடு நரம்பை உருவிக்கிட்டே இருக்கணும், வேற ஒண்ணும் கிடையாது. கம்பெனியிலேயே கை தேர்ந்த உள்கட்டுக்காரி அவ. முதல் நாளே சொல்லியிருந்தா ரெண்டு திட்டோட போயிருக்கும். ஒரு வாரம் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு, அப்புறம் எந்த முகத்தோட போய்ச் சொல்றது? வீட்டுல அவளுக்குப் பெரிய துண்டு மீனா பாத்து வைக்கிறது, காய்ச்சல்னா ராத்திரி பூரா முழிச்சிருக்கிறது, இப்படியே ஈடு கட்டிட்டதா நினைச்சுக்கிட்டேன். ஈடாவது கீடாவது.

இந்த வருஷம் என் வலது கட்டைவிரல் மடங்க மாட்டேன்னுடுச்சு. இன்னும் ஒரு வருஷம் சுருட்டு சுத்தினா பொத்தான் போடக்கூட ஆள் வைக்கணும்னு டாக்டர் சொன்னார். அந்த நேரம் பாத்து ருசி மேஜையில ஒரு நாற்காலி காலியாச்சு. விரலுக்கு வேலை இல்ல, நாக்குக்கும் மூக்குக்கும்தான் வேலை. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "ஏற்கெனவே உன் வாயில இருந்து புகைதான் வருது. அதுக்குச் சம்பளமும் குடுத்தா நல்லதுதானே"ன்னார்.

வியாழக்கிழமை காலையில பரீட்சை. வேற வாசனை கலந்துடக் கூடாதுன்னு சோப்பு போடாம குளிச்சு, தலைக்கு எண்ணெய் வைக்காம மாடிக்குப் போனேன். சின்ன அறை. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஒரு ஜாடி தண்ணி, தட்டுல வெறும் ரொட்டி. ஊமைக்கோட்டான் எதிர்ல நோட்டை மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். தப்பாப் போன சுருட்டை எங்க கம்பெனியில தூக்கிப் போடறதில்ல. பலகைப் பெட்டியில போட்டு, காரம் அடங்கட்டும்னு அடி டிராயர்ல வருஷக்கணக்கா ஆற விட்டுடுவாங்க. பரீட்சைக்கு அதுல இருந்துதான் ஒண்ணு எடுப்பாங்க. கேள்வி மூணு. என்ன தப்பு, எந்த மேஜையில நடந்த தப்பு, வெளியில விக்கலாமா கூடாதா.

அவர் டிராயரைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்து நீட்டினார். வாங்கின உடனே எனக்கு அடையாளம் தெரிஞ்சுடுச்சு. தொப்பியை நான் கடைசியா அமுக்கற விதம் எனக்குத் தெரியாதா? கட்டைவிரலை லேசா இடது பக்கம் சாய்ச்சு அமுக்குவேன். இதுலயும் அந்தச் சாய்வு இருந்தது. நிறம் கறுத்து, மேல மெல்லிசா எண்ணெய் மினுங்கற மாதிரி இருந்தது. பன்னெண்டு வருஷம் அது பாட்டுக்கு இருட்டுல ஆறியிருக்கு. நான்தான் ஆறாம வெந்துக்கிட்டிருந்திருக்கேன்.

தொப்பியை நறுக்கினேன். பத்த வைக்காம ஒரு இழுப்பு இழுத்தேன். காய்ஞ்ச மரத்தூள் வாசனை, பழைய புத்தக அலமாரியைத் திறந்தா வருமே, அது. நெருப்பைச் சுருட்டு மேல படாம தள்ளிப் பிடிச்சு, மெதுவா உருட்டி உருட்டிப் பத்த வச்சேன். புகையை உள்ளே விழுங்கக் கூடாது, வாயில வச்சுச் சுழட்டி மூக்கு வழியா கொஞ்சமா விடணும். முதல் இழுப்புல ஒண்ணுமே பெரிசா இல்ல. நாலாவது இழுப்புல வறுத்த கொட்டையோட இனிப்பு வந்தது. ஓரமா உலர்ந்த திராட்சை மாதிரி ஒரு புளிப்பு. சாம்பல் வெள்ளையா, உதிராம, விரல் அளவுக்கு நின்னது. பாதி வரைக்கும் அவ்வளவு சாது. நான் மனசுக்குள்ள, ஆறிடுச்சு போலிருக்கே, கடைசி வரைக்கும் இப்படியே போயிட்டா தப்பே இல்லன்னு சொல்லிட்டு இறங்கிடலாமேன்னு கணக்குப் போட்டேன். அது நடந்திருந்தா இந்த ஜென்மத்துல நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

முக்கால் தாண்டினதும் வந்தது. முதல்ல நுனி நாக்குல சுருக்குன்னு மிளகு. அப்புறம் ஒரு கசப்பு தொண்டை வரைக்கும் இறங்கி, கண்ணுல தண்ணி கட்டிடுச்சு. மொத்தச் சாரமும் தொப்பிப் பக்கம் உக்காந்துக்கிட்டு இவ்வளவு நாளும் எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. ரொட்டியைப் பிச்சு வாயில போட்டுத் தண்ணி குடிச்சேன்.

"என்ன தப்பு?"ன்னார்.

"இலை நுனியெல்லாம் தொப்பிப் பக்கம் இருக்கு சார்."

"விக்கலாமா?"

"கூடாது. முக்கால் வரைக்கும் நல்ல சுருட்டு. காசு குடுத்து வாங்கறவன் முக்கால்ல நிறுத்த மாட்டான்."

தலையை ஆட்டினார். "எந்த மேஜைத் தப்பு?"

அவர் நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். உள்கட்டு மேஜை. அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னா நாற்காலி எனக்கு. என் விரல் பொழைக்கும். அவ பாட்டுக்கு இன்னும் பத்து வருஷம் பின்னாடி நரம்பு உரிச்சுக்கிட்டிருப்பா, யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல. ஆனா வாயில அந்தக் கசப்பு இருந்தது பாருங்க, அதை வச்சுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்ல முடியல.

"மேலிலை மேஜை சார்."

"நோட்டுல வேற போட்டிருக்கே."

"நோட்டு தப்பு சார். தொப்பி வச்சவ நான். கோபத்துல அச்சைத் திருப்பிட்டேன். உள்கட்டு போட்டவ சரியாத்தான் வச்சா. எனக்கு அன்னைக்கே தெரியும். சொல்லல." ஒரே மூச்சுல கொட்டிட்டேன். வேலை போறதா இருந்தா இப்பவே போகட்டும்னு ஒரு தைரியம்.

அவர் அணைஞ்ச துண்டை ஓரமா தள்ளி வச்சார். அப்புறம் நோட்டைத் திறந்து ஒரு வரியை அடிச்சார். "எழுதினது நான்தான். அச்சைக் கொண்டாந்து பாக்கணும்னு எனக்குத் தோணல"ன்னார். அவர் அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. அடிச்ச வரிக்கு மேல என் பேரை எழுதினார். "நாக்கு நல்ல நாக்கு. திங்கக்கிழமை வந்து உக்காருங்க. இந்த வரி இப்படியே இருக்கும், அதைப் பாத்துக்கிட்டே வேலை செய்யணும். அந்தம்மாவுக்கு அவங்க மேஜையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிடறேன். அவங்ககிட்ட யார் சொல்றது?"

"நான்தான் சார்."

அப்பாடான்னு இருந்தது. அப்படியே நரம்பு உரிக்கிற மேஜைக்குப் போகப் படியிறங்கினேன். பெரிய மலை இன்னும் கீழதானே உக்காந்திருக்கு.

நாத்தனார் குனிஞ்சு ஒரு இலையில நரம்பை உருவிக்கிட்டிருந்தா. பக்கத்துல ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்து சொன்னேன். சுத்தி வளைக்கல. படுக்கை விரிப்புல ஆரம்பிச்சு நோட்டுல அடிச்ச வரி வரைக்கும் சொன்னேன். அவ நிமிரவே இல்ல. நரம்பை நுனி வரைக்கும் கிழியாம உருவி, இலையைத் தடவி அடுக்கு மேல வச்சா.

"அப்ப நான் சரியாத்தான் வச்சேனா அண்ணி?"

"சரியாத்தான் வச்ச."

"பத்தும்?"

"பத்தும்."

அவ ஈரக் கையைப் புரட்டிப் புரட்டிப் பாத்தா. "வெளிக் கதவைப் பூட்டிட்டு மூணு தடவ திரும்பி வந்து இழுத்துப் பாக்கறேன். அடுப்பை அணைச்சேனான்னு தூக்கத்துல எழுந்திருக்கறேன். சரியா வச்சதா அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சதே தப்பாப் போச்சே, இனிமே நமக்குத் தெரியறதையெல்லாம் எப்படி நம்பறதுன்னு." அடுத்த இலையை எடுத்தா, உருவாமலே கீழ வச்சா. "பைத்தியம் பிடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

இது எனக்குத் தெரியாது. அவ இழந்தது ஒரு மேஜையைத்தான்னு நான் நினைச்சிருந்தேன்.

"ஊருல இருக்கறவங்களையெல்லாம் கிழிப்பியே, அன்னைக்கு எங்க போச்சு உன் வாய்?"ன்னா. என்னைக்குமே என்னை அவ நீன்னு கூப்பிட்டதில்ல. கூப்பிடட்டும். இன்னும் ஒரு கால் மணி நேரம் திட்டினா. ஒண்ணு விடாம வாங்கிக்கிட்டேன், ஒவ்வொண்ணுக்கும் எனக்குள்ள ஒரு கட்டு அவிழ்ந்துக்கிட்டே வந்தது. சுத்தி எல்லாரும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்தாங்க. அந்தச் செய்தி எல்லார் காதுலயும் விழணும்னுதான் நானும் உக்காந்திருந்தேன்.

அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்தா. நேரா கூடத்துக்கு நடந்து, ஜன்னலோரம் காலியா இருந்த உள்கட்டு மேஜையில போய் உக்காந்தா. யாரையும் கேக்கல. இலையை எடுத்தா, அடுக்கினா, உருட்டினா, அச்சுல வச்சா. அடுத்ததை எடுத்தா. எதையும் ரெண்டாவது தடவ திருப்பிப் பாக்கல. நான் பக்கத்துல நின்னு வெக்கமில்லாம அழுதுக்கிட்டிருந்தேன்.

"தள்ளி நில்லு, இலை நனையுது"ன்னா.