பதினேழு நிமிடம் முந்திய செய்தி

அந்த மருத்துவமனையில் எந்த இயந்திரம் நின்றாலும், நிற்பதற்குப் பதினேழு நிமிடம் முன்பே அது நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. முதலில் லிஃப்ட், பிறகு மருந்தகத்தின் குளிர்பெட்டி, அப்புறம் ரத்தப் பரிசோதனைக் கணினி. ஒரு மாதத்திற்குள் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். செய்தி வந்ததும் லிஃப்ட்காரர் ஆட்களை இறக்கிவிட்டு, நிற்கப்போகும் லிஃப்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

பழகாதவர் மேலாளர் ஒருவர்தான். ‘வருமுன் காப்போம்’ என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டிய அதே மனிதர், வருமுன் சொல்வதைப் பிழை என்றார். வெள்ளிக்கிழமை தணிக்கை வருவதற்குள் அதைச் சரிசெய்யும் வேலை மணிக்காரியின் தலையில் விழுந்தது. அவள் கணினிகளைக் கண்காணிக்கும் பொறியாளர். போன் ஓயாமல் மணியடித்ததால் வந்த பெயர் அது. அடித்தளத்திலிருந்த பழைய கண்காணிப்புக் கணினி இயந்திரங்களைக் கவனிக்கும்; இரண்டாம் மாடியிலிருந்த புதியது அதனிடம் செய்தி வாங்கி அவள் போனுக்கு அனுப்பும். பழையது இன்னும் சொல்லாததைப் புதியது எப்படிக் கேட்டது என்பதுதான் கேள்வி. இரண்டின் கடிகாரமும் நொடி பிசகவில்லை. கேபிளை மாற்றினாள். கடைசியில் கேபிளையே ஒரு நாள் முழுக்கப் பிடுங்கி வைத்தாள். அன்றும் செய்திகள் பதினேழு நிமிடம் முந்தி, ஒழுங்காக வந்து சேர்ந்தன.

வேறு சமயமாக இருந்தால் இன்னும் தோண்டியிருப்பாள். அவளுடைய அக்கா மூன்றாம் மாடியில், ஏழாம் படுக்கையில், நினைவு இருந்தும் பேச முடியாமல், சுவாச இயந்திரத்தின் தயவில் ஒன்பது நாளாகக் கிடந்தாள். தூக்கமில்லை. அதனால் வியாழக்கிழமை காலை, அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். இனி நடக்கப்போகும் நேரத்தைப் போட்டு எந்தச் செய்தி வந்தாலும் குப்பைக்கு அனுப்பிவிடு என்று புதிய கணினிக்கு ஒரு விதி எழுதினாள். மேலாளர் அவளைப் பாராட்டி ஒரு காபி வரவழைத்தார்.

போன் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் கிடந்தது. நான்கு வருடத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் கண்டதில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. சும்மா பார்ப்போமே என்று குப்பையைத் திறந்தாள். ஒரே ஒரு செய்தி கிடந்தது. மூன்றாம் மாடி, ஏழாம் படுக்கை, சுவாச இயந்திரம் நின்றது, மணி 12.41. சுவர்க் கடிகாரத்தில் 12.36. வார்டுக்குப் போன் போட்டாள். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. தன் கையாலேயே அக்காவின் வாயைப் பொத்தியதுபோல் இருந்தது. லிஃப்ட் ஐந்தாம் மாடியில் இருந்ததால் படியில் ஓடினாள்.

வார்டு வாசலில் பாதுகாவலர் நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்றார். அவள் அவரைத் தள்ளிவிட்டுப் போனதை அவர் இன்றுவரை குறையாகச் சொல்கிறார். உள்ளே இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

“அதான் ஓடுதே, ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?” என்றார் மூத்த நர்ஸ்.

“சிஸ்டர், பன்னெண்டு நாப்பத்தொண்ணுக்கு நின்னுரும். மெசேஜ் வந்திருச்சு.”

நர்ஸ் இயந்திரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருந்தது. மேற்கொண்டு கேட்காமல் சுவரில் தொங்கிய, மூச்சு கொடுக்கும் கைப் பம்பை எடுத்து, குழாயைக் கழற்றி மாட்டி, அமுக்க ஆரம்பித்தார். 12.41க்கு அந்த மாடியில் மின்சாரம் போனது. இயந்திரத்தின் பேட்டரி என்றோ செத்துப்போயிருந்தது. பக்கத்துப் படுக்கைகளில் பேட்டரி தாங்கியது. ஜெனரேட்டர் கிளம்ப ஆறு நிமிடம் பிடித்தது. அந்த ஆறு நிமிடமும் நர்ஸும் மணிக்காரியும் மாறி மாறி அமுக்கினார்கள். அழக்கூட நேரமில்லை.

அன்றே விதியை அழித்தாள். மறுநாள் தணிக்கைக்காரர் ‘தாமதம்’ என்ற கட்டத்தில் ‘மைனஸ் பதினேழு நிமிடம்’ என்று எழுதி, ‘ஏற்கத்தக்கது’ என்று முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் குழாயை எடுத்ததும் அக்கா கரகரத்த குரலில் முதலில் கேட்டது இதைத்தான்.

“கரண்ட் இருக்கும்போதே எதுக்குடி கையால அமுக்குனீங்க?”

“முன்னாடியே தகவல் வந்துச்சுக்கா. நான்தான் குப்பையில போட்டுட்டேன்.”

“சரி, இனிமே போடாத,” என்று சொல்லிவிட்டு அக்கா தண்ணீர் கேட்டாள்.