காலி வண்டி

"ஊது மணிவேலு" என்றார் ராசாங்கம்.

மணிவேல் ஊதினார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கார் ஸ்டாண்டில், தன் அம்பாசடர் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சங்கத் தலைவரின் மூக்குக்கு நேராக வாயைப் பிளந்து ஊதினார். ராசாங்கம் கண்ணை மூடி முகர்ந்தார், சந்தையில் கருவாடு வாங்குகிறவர் மாதிரி நிதானமாக.

"டீ வாசம்தான் வருது."

"ஏலக்கா மென்னுருப்பாரு தலைவரே" என்றான் அடுத்த வண்டிக்காரன் சாமிதுரை. "பழைய ஆளு. வித்தை தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். மணிவேலும் கூடச் சேர்ந்து சிரித்தார். எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் பரிமளாவுக்கு மற்றவர்கள் சிரித்ததைக் கூடப் பொறுக்க முடிந்தது. அப்பா சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பரிமளா அவர்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. பி.ஏ. வரலாறு. அதனால் கண்ட பலன், அடுத்தவர் சர்டிபிகேட்டை நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது. சம்பளம் அவள் பஸ்ஸுக்கும் அரிசிக்கும் சரி. மீதி வீடு ஓடுவது அந்த அம்பாசடரில்தான். ஸ்டாண்டில் இடம் இருந்தால்தான் வண்டிக்கு சவாரி. இடத்தைப் பிடுங்கிவிட்டால் வண்டி வெறும் இரும்பு.

இடத்தைப் பிடுங்கத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெங்காய சீசன் முடிந்த கையோடு மணிவேல் முன்டயர் இரண்டும் புதிதாகப் போட்டு அலைன்மெண்ட் பார்த்தார். பிடித்தது சனி. நேராகப் போகிற ரோட்டில் வண்டி தானாக இடதில் சாயும். திருப்பினால் வலதில் ஓடும். கள் குடித்த மாடு மாதிரி ஓர் ஆட்டம். அலைன்மெண்ட் கடைக்காரர் மறுபடி ஏற்றிப் பார்த்து, கோடு போட்டாற்போல் இருக்கிறது என்றார். மெக்கானிக் வீரமுத்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து டை ராடு எண்டைப் பிடித்து ஆட்டினார், ஸ்டியரிங்கில் பிளே பார்த்தார், காற்றை அளந்தார், டயரை இடம் மாற்றிப் போட்டார். முன்பக்கத்து நோய் என்று முன்பக்கத்தையே பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே வீரமுத்து சொன்ன ஒரு வார்த்தைதான் ஊரைச் சுற்றியது.

"வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுறவரைப் பாருங்க."

பார்க்க என்ன இருக்கிறது? மணிவேல் குடித்தவர். மனைவி உயிரோடு இருந்தவரை குடித்தார், அவள் செத்த அன்றோடு விட்டார். அந்த மனுஷனுக்குப் புத்தி வர ஒரு சாவு தேவைப்பட்டது. குடியை விட்டது யாருக்கும் ஞாபகமில்லை, குடித்தது எல்லாருக்கும் ஞாபகமிருந்தது. போன வாரம் பேரளி அருகே ரோட்டில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த கலியம்மாளின் மேல் வண்டி பாயப் பார்த்தது. அவள் குதித்து ஒதுங்கியதால் சோளத்தோடு போயிற்று. மறுநாளே அவள் ஸ்டாண்டுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"சாயங்காலம் சங்கம் கூடுது மணிவேலு" என்றார் ராசாங்கம். "உன்னைய எடுத்துடலாம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா ஸ்டாண்டுக்கே கெட்ட பேரு. பூலாம்பாடி சவாரி வாக்குக் குடுத்தது, அதை மட்டும் முடிச்சுட்டு வந்துடு."

பரிமளா கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீ எங்க பாப்பா?"

"காவலுக்கு."

அவர் அவளைப் பார்க்காமல் அவள் பக்கம் திரும்பி ஊதிவிட்டுச் சாவியைத் திருகினார். ஒரு வாரமாக அவரை ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது ராசாங்கம் மட்டுமல்ல; வீட்டை விட்டுக் கிளம்புமுன் அவளும்தான்.

பூலாம்பாடிக் குடும்பம் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து ஸ்டாண்டிலேயே காத்திருந்தது. அரியலூரில் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறார்கள். பின்சீட்டில் நாலு பெரிய உடம்புகள், மடியில் இரண்டு பிள்ளைகள். டிக்கியில் சீர்ப் பாத்திரம், அரிசி மூட்டை, குத்துவிளக்கு. டிக்கி மூடாமல் கயிறு போட்டுக் கட்டினார் மணிவேல்.

பரிமளா வழி நெடுக அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பேரளி வந்தது. கலியம்மாள் அங்கேயே சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். காரைக் கண்டதும் ரோட்டை விட்டே இறங்கி நின்றுகொண்டாள். கார் அவளை நேர்க்கோட்டில் கடந்தது. சித்தளியும் தாண்டியது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் சாரி சாரியாக வந்தன. அப்பாவின் கை ஸ்டியரிங் மேல் சும்மா கிடந்தது.

'அப்போ இன்னிக்கு மட்டும் குடிக்கல' என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் நெஞ்சு கசந்தது. ஒரு வாரமாக ஊதச் சொல்லி முகர்ந்ததில் ஒரு நாளாவது சாராயம் நாறியதா? இல்லை. மூக்கு சொன்னதை நம்பாமல் ஊர் சொன்னதை நம்பியிருக்கிறாள்.

ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் ஆரம்பித்தது. கார் மெல்ல ரோட்டோரம் நழுவியது. அப்பா திருப்பினார். நடுரோட்டுக்குப் பாய்ந்தது. மறுபடி திருப்பினார். எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடி, அவர் பெற்ற தாயையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான். மணிவேலுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஸ்டியரிங்கை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தார். அப்படியும் அது அவர் சொல் கேட்கவில்லை.

ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். இறங்கவில்லை.

"என் கை போயிடுச்சு பாப்பா."

"என்னப்பா உளர்ற?"

"குடிச்ச குடிக்கு நரம்பு செத்துருக்கும். உங்கம்மா கணக்குக் கேக்குறா. அவ சும்மா விடுவாளா?" அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டியை வித்துடலாம். எவனாவது பழைய இரும்புக்கு எடுத்துக்குவான். நான் எங்கயாச்சும் வாட்ச்மேனாப் போயிடுறேன். ஒரு ஆளைக் கொன்னுபுட்டு ஜெயிலுக்குப் போறதுக்கு இது தேவல."

அவர் அழுதார். ஆண் அழுதால் பார்க்கக் கூடாது என்பார்கள். பரிமளா பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. அவர் மேல், ராசாங்கம் மேல், செத்த பிறகும் அவரை விடாத அம்மா மேல், எல்லாவற்றையும் விட, ஒன்றும் உருப்படாத தன் படிப்பின் மேல்.

"அழுவாத. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. போவும்போது கை இருந்துச்சா இல்லையா?"

"என்ன?"

"போவும்போது நல்லாத்தானே ஓட்டுன? கலியம்மாளைத் தாண்டுனியே, நூல் புடிச்ச மாதிரி. அதே கைதானே? ஸ்டேஷன்ல என் கண்ணு முன்னாடிதானே நின்ன? எந்தக் கடையில போய்க் குடிச்ச? நடுவுல எந்த நரம்பு செத்துச்சு?"

மணிவேல் மூக்கை உறிஞ்சினார்.

"அப்போ வண்டியில ஆளு இருந்தாங்க" என்றார் சும்மா சொல்வது போல.

சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கலியம்மா மேல போனப்போ?"

"காலி வண்டி."

"வெங்காய சீசன்ல ஆடுச்சா?"

"ஆடல. போவும்போது வெங்காயம், வரும்போது உர மூட்டை. வண்டி காலியாவே வராது."

பரிமளா கதவைத் திறந்து இறங்கினாள். அந்த ரோட்டோரம் முழுக்க லாரியிலிருந்து சிதறிய சுண்ணாம்புக்கல். ஒன்றைத் தூக்கினாள். கனத்தது. டிக்கியில் போட்டாள். இன்னொன்று. சுடிதாரெல்லாம் வெள்ளை அப்பியது. "என்னா புள்ள பண்ற?" என்று இறங்கி வந்த மணிவேல், புரிந்ததும் பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்க ஆரம்பித்தார். வியர்க்க வியர்க்க, வெறி பிடித்தவர்கள் மாதிரி இருவரும் பொறுக்கினார்கள். பின்பக்கம் அமிழ்ந்தது.

மணிவேல் ஓட்டினார். வேகம் எடுத்தார். கையைத் தளர்த்தினார். பிறகு, சாமி மேல் பாரத்தைப் போட்டு, எடுத்தே விட்டார். அம்பாசடர் கோயில் மாடு மாதிரி தன் பாட்டுக்கு நேராகப் போனது.

"கமான் பட்டை!" என்று கத்தினார். "அடப் படுபாவி, கமான் பட்டை!"

ஸ்டாண்டில் எல்லாரும் செய்வதுதான். வெங்காய மூட்டைக்கு வண்டி அமிழாமல் இருக்கப் பின்னால் கமானில், சக்கரத்து மேல் வில் போல வளைந்த இரும்புப் பட்டை அடுக்கில், ஒரு பட்டை கூடுதலாகச் செருகுவார்கள். சீசன் முடிந்ததும் கழற்றுவார்கள். மணிவேல் பேராசைப்பட்டு இரண்டு செருகினார். திடீரென்று விலை படுத்து, நாளைக்கு வா என்ற வியாபாரிகள் வராதே என்றார்கள். கழற்ற மறந்துபோனார். அதை ஒரு வேலையாகவே யாரும் நினைப்பதில்லை. டயர் மாற்றினாயா, அலைன்மெண்ட் பார்த்தாயா என்று கேட்டவர்களில் பட்டை செருகினாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"சைக்கிள்ல முன்ஃபோர்க்கு சாஞ்சிருக்குல்ல பாப்பா? அந்தச் சாய்வு இருக்கறதாலதான் கையை விட்டாலும் நேராப் போவுது. காரு முன்சக்கரத்துக்கும் அது உண்டு. காலி வண்டியைப் பட்டை பின்னாடி தூக்கி வச்சுட்டா அந்தச் சாய்வு நிமிந்துடும். அப்புறம் சக்கரம் திக்குத் தெரியாமத்தான் அலையும். பாரம் ஏத்துனா பின்னாடி தணிஞ்சு சரியாயிடுது. அலைன்மெண்ட் கடைக்காரன் மேல தப்பே இல்ல."

"உன் மேலயும் பாதித் தப்புதான்" என்றாள் பரிமளா.

ஸ்டாண்டில் சங்கம் கூடியிருந்தது. பரிமளா டிக்கியைத் திறந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். சாமிதுரை, "என்னா புள்ள, வூடு கட்டப் போறீங்களா?" என்றான். கடைசிக் கல்லையும் போட்டுவிட்டுச் சாவியை ராசாங்கத்தின் முன் நீட்டினாள்.

"துறைமங்கலம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க மாமா. அப்புறம் எங்கப்பாவை எடுக்குறதா வேணாமான்னு பேசலாம்."

ராசாங்கம் சாவியை வாங்கிக்கொண்டு சிரித்தார். அவர் ஓட்டாத வண்டியா? கிளப்பி, நாலு பேர் பார்க்க வேகமெடுத்தார். கார் இடதில் நழுவி ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியை உரசப் பார்த்தது. வலதில் ஒடித்தார். எதிரே வந்த டவுன் பஸ் பிரேக் அடித்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "என்னா தலைவரே, பொழுதோடவே ஏத்திட்டீங்களா?" என்று கத்தியது ஸ்டாண்டு வரை கேட்டது.

துறைமங்கலம் போகவில்லை. ஊர்ந்தே திரும்பி வந்தார். இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

பரிமளா அவருக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஊதுங்க மாமா."

"எங்கப்பாவை ஊர் பாக்க ஊத வச்சீங்கல்ல? இப்ப நீங்க ஊதுங்க."

முதலில் சிரித்தவன் சாமிதுரைதான். அப்புறம் எல்லாரும். "பொம்பளப் புள்ளைன்னு பாக்குறேன்" என்று ராசாங்கம் முனகினார். மணிவேல் பட்டை விஷயத்தைச் சொன்னதும் ராசாங்கம் குனிந்து கமானைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாளைக்கு வீரமுத்துகிட்ட விட்டுக் கழட்டிப் போடுய்யா. உன் எடம் உன்னதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அந்த ஸ்டாண்டில் புழக்கத்தில் இல்லை.

மணிவேல் கற்களை மறுபடி டிக்கியில் ஏற்றினார், வீடு போய்ச் சேர வேண்டுமே. பரிமளா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவியை நுழைத்தவர், பழக்கதோஷத்தில் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

அவள் சுண்ணாம்பு படிந்த கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"வேணாம்ப்பா" என்றாள். "ஓட்டு."