சனிக்கிழமை வராத இரைச்சல்

ஆலயத்து ஸ்பீக்கர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரைந்தது. சனிக்கிழமை நான் போய் மைக்கைத் தட்டினால் கணீரென்று பேசும். வயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரைக் கழற்றித் தூசி துடைத்தேன். இருபது வருடமாக ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவன் நான். எனக்கே பிடிபடவில்லை.

"ஆளே இல்லாத நேரம் போய்ப் பார்த்தா எப்படித் தெரியும்?" என்றாள் பாடகர் குழுவில் பாடும் என் மனைவி. "நீங்க ஆராதனைக்கு வந்து எட்டு மாசமாச்சு. நாளைக்கு வாங்க."

எட்டு மாதமாக ஞாயிறும் கடை திறந்திருந்தேன். என் சகலைக்கு நாலு கடை. எனக்கு இரண்டாவதாக ஒன்றாவது வேண்டும் என்ற எண்ணம் தூக்கத்திலும் விடவில்லை. அந்த ஞாயிறு பத்து மணிக்குப் பெரிய ரோட்டுக் கடைக்கு ஒப்பந்தம், சகலைதான் பேசி வைத்திருந்தார். தாமதித்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஒன்பதரைக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று போனேன்.

கடைசி வரிசையில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு நின்று ஜெபம் தொடங்கியும் இரைச்சல் நிற்கவில்லை. அப்படியென்றால் பாட்டின் மேல் குற்றமில்லை. முன் வரிசை அம்மா ஒருவர் குளிர்கிறது என்று சைகை காட்ட, ஆலயக் காவலர் ஒரு மின்விசிறியைக் குறைத்தார். இரைச்சல் தடித்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விசிறிக்குப் போட்டிருந்த புது மாதிரி ரெகுலேட்டர், வேகத்தைக் குறைக்க மின்சாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பும். அதே லைனில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் அந்த நறுக்கல் ஏறிவிடும். ஓடிப்போய் எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் வைத்தேன். இரைச்சல் செத்தது.

காரணத்தைச் சொன்னதும் காவலர் காதருகே வந்தார். "சனிக்கிழமை உனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு ஃபேன்னு நான்தான் போடலையேப்பா!"

"நல்லா மிச்சம் புடிச்சீங்கண்ணே, போங்க."

மணி ஒன்பது ஐம்பது. கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. பாட்டுப் புத்தகங்கள் காற்றில் படபடக்க, எல்லோரும் பக்கங்களை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு பாடினார்கள். இரைச்சல் போன இடத்தில் என் மனைவியின் குரல் தனியாகக் கேட்டது. எட்டு மாதமாக நான் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் இன்னொரு கடை. இருக்கிறதற்கு ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தேன். இவள், இந்தக் கை, பழுதை மோப்பம் பிடிக்கும் இந்தக் காது... பட்டியல் முடியவில்லை. என்னைத் தேடி வந்த ஆண்டவர் இங்கேயே இருந்திருக்கிறார். நான்தான் கடை திறக்க ஓடிக்கொண்டிருந்தேன். வயிறு நிறைய உண்டவனைப் போல நெஞ்சு நிறைந்திருந்தது. நானும் பாடினேன், சுதி தப்பியபடிதான்.

வெளியே வந்தபோது சகலை போனில் அழைத்தார். "யோவ், மணி பதினொன்னு! எங்கய்யா போன?"

"கோயில்ல இருக்கேன் சகல. அந்தக் கடை எனக்கு வேண்டாம்."

"பைத்தியமா புடிச்சிருக்கு?"

"இல்ல சகல. இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. நீங்களும் அடுத்த வாரம் வாங்களேன்."

"நாலு கடையை யாரு பாக்குறது?" என்றவர், போனை வைக்கவில்லை. "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன் இழுத்தேன். இனி விசிறியை எந்த வேகத்திலும் வைக்கலாம். கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டேன். என் எழுத்து கோணலாக இருக்கிறதென்று மனைவி பிடுங்கி, பெரிதாக, அழகாக எழுதினாள்: ஞாயிறு விடுமுறை.