போர்த்தாத சால்வை

மோர்னிங்சைட்டில் புலம்பெயர்ந்த தமிழர் கூடும் மண்டபத்துக்கு அரசியல்வாதி வந்தால் நடப்பது எப்போதும் ஒன்றுதான். குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றுவார், மழலையில் வணக்கம் சொல்வார், சால்வை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், சோறு வருமுன்னரே அடுத்த மண்டபத்துக்குப் பறந்துவிடுவார். கேள்வி கேட்க ஒருவருக்கும் இடம் கிடைக்காது. ஊர்ச்சங்கத்தின் ஒன்றுகூடலில் வருடா வருடம் அந்தச் சால்வையைப் போர்த்துபவள் அன்ரனெற். எத்தனை தோள்களைப் பார்த்திருப்பாள்! ஒருத்தராவது அவள் முகத்தைப் பார்த்ததில்லை, எல்லோருக்கும் கமராதான்.

இந்த முறை அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. மகள் ஸ்டெபனிக்குச் சின்ன வயதிலிருந்தே நீரிழிவு. இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் தள்ள முடியாது. அரசின் ஹெல்த் காட் அட்டையைக் காட்டினால் டொக்டரைப் பார்க்கலாம், ஆஸ்பத்திரியில் படுக்கலாம், மருந்துக்கு மட்டும் அது செல்லாது. இருபத்தைந்து வயதாகும்வரை மாகாணம் இலவசமாகக் கொடுத்தது. பிறந்தநாள் கேக்கோடு அதுவும் முடிந்தது. மகளின் தற்காலிக ஏஜென்சி வேலையில் மருந்துச் செலவைப் பார்க்கும் பெனிபிற்சும் கிடையாது. நீரிழிவு மருந்துக்குப் பணம் தர மத்திய அரசு தயார், அந்த மருந்துத் திட்டத்தில் மாகாணம் கையெழுத்து வைத்தால் சரி. மாகாணமோ அது காப்புறுதிக் கம்பனிகள் பார்க்கிற வேலை என்று முறுக்கிக்கொண்டு நின்றது. இவர்களின் இழுபறியில் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாள். சோறு குறைந்தால் ஊசியும் குறையும் என்பது அவள் கணக்கு. கேட்பவர்களிடம் டயட் என்று சிரிப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

அன்றைய விருந்தாளி நிரூபன், மாகாணத்தை ஆளும் கட்சியின் சட்டசபை உறுப்பினர். அவனுடைய அலுவலகத்துக்கு அன்ரனெற் போன் எடுத்துக் களைத்துப்போயிருந்தாள். சங்கத் தலைவர் யோசப் மைக்கைப் பிடித்து அவள் பெயரை அழைத்தார். நிரூபன் வழக்கம்போலத் தலையைக் குனிந்து கொடுத்தான். சால்வை வரவில்லை.

“தம்பி, மருந்துத் திட்டத்துக்கு நீங்கள் ஓமோ, இல்லையோ?”

பக்கத்தில் மைக் திறந்திருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. அது கொஞ்சம் சிக்கலான விசயம், ஆபீசுக்கு வந்தால் ஆறுதலாகக் கதைக்கலாம் என்று நிரூபன் சமாளித்தான். படக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், போர்த்து பிள்ளை என்று யோசப் பல்லைக் கடித்தார்.

“போர்த்த மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. அவர் ஓம் எண்டு காட்டட்டும். அதுவரைக்கும் இது என்ரை கையிலைதான் இருக்கும்.”

பின்மேசை ஒன்று கைதட்டியது. பிறகு முழு மண்டபமும் தட்டியது. நிரூபன் வெறுந்தோளோடு காரில் ஏறினான்.

சங்கத்தின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று யோசப் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் யாரோ எடுத்த வீடியோ நிரூபனின் காரை முந்திக்கொண்டு அவனுடைய அடுத்த மண்டபம் இருந்த யூனியன்விலுக்குப் போயிருந்தது. அங்கே மட்டக்களப்பார் விழாவில் தவமலர் என்றொருத்தி சால்வையைக் கையில் பிடித்தபடி அதே கேள்வியைக் கேட்டாள். அஜின்கோர்ட்டில் ஒரு கடைத் திறப்பு விழாவிலும் அதே கதை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தோளில் ஒரு நூல்கூட விழவில்லை. பேஸ்புக்கில் படம் போட்டால் ‘தோள் குளிருதோ?’ என்று கீழே எழுதினார்கள். பனியைத் தாங்கலாம், இந்தப் பகிடியை எந்த அரசியல்வாதி தாங்குவான்?

வசந்தத்தில், மாகாணம் கையெழுத்து வைக்க வேண்டும் என்ற தீர்மானம் சபைக்கு வந்தது. அன்ரனெற் வேலைக்கு லீவு போட்டு, ஸ்டெபனியோடு மேலே இருந்த பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் சால்வை இருந்தது. ஆதரிப்பவர்களை எழும்பச் சொன்னார்கள். நிரூபன் மேலே பார்த்தான். பிறகு தன் கட்சிக்காரர்கள் முறைக்க முறைக்க எழும்பினான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டொருவர் எழும்பினார்கள். தீர்மானம் மயிரிழையில் வென்றது. அங்கே கைதட்டக் கூடாதாம். அன்ரனெற் மகளின் கையை நோக நோகப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொந்தக் கட்சிக்காரரே எழும்பிவிட்ட வெட்கத்தில் அரசும் கோடைக்குள் கையெழுத்தை வைத்தது.

கோடை ஒன்றுகூடல் பூங்காவில் நடந்தது. நம் சங்கத்தின் மாபெரும் சாதனை என்று யோசப் மைக்கைப் பிடித்து முழங்கினார். அவர் அப்படித்தான். நிரூபன் தலையைக் குனிந்தான், அன்ரனெற் சால்வையைப் போர்த்தினாள். இங்கே பாருங்கோ என்று படக்காரர் கத்தியபோது அவன் கமராவைப் பார்க்கவில்லை.

“இப்ப சந்தோசமோ அன்ரி?” என்று அவளைப் பார்த்துக் கேட்டான்.

அவள் சாப்பாட்டு மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் பார்க்க ஊசியைப் போட்டுவிட்டு, சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் குவித்த கோப்பையோடு நின்றாள் ஸ்டெபனி.

“அம்மா, கெதியா வாங்கோ,” என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. “இது எனக்கு ரெண்டாவது பிளேட்.”