பில் போடாத பட்டு

உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரைக்கு எதற்கும் அசல் தெரிந்தாக வேண்டும். அசல் தெரிந்தால்தான் விலை போடலாம். விலை போட்டால்தான் குறைப்பது போலக் காட்டலாம். அன்று மதியம் அவர் முன்னால் அசல் தெரியாத சரக்கு ஒன்று நின்றது. சொர்ணம்.

பன்னிரண்டு வருஷமாகக் கடை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்கிறவள் அவள். அவள் பையை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை. கேமரா பார்த்துவிட்டது. போன வாரம் அரக்குக் கலர் பட்டுப்புடவை ஒன்று அந்தப் பைக்குள் போயிருந்தது.

"கட்டுனியாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

"வித்துட்டியா?"

"பீரோல இருக்கு. லேபிள்கூடப் பிய்க்கல."

"பின்ன எதுக்குத்தான் எடுத்த?"

சொர்ணம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியல அண்ணாச்சி."

கடையில் பாதிப் பங்கு மைத்துனன் வெங்கடேஷுக்கு. 'பில் இல்லாமல் துணி வெளியே போனால் திருட்டு. முதலாளி எடுத்தாலும்தான்' என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியவன் அவன்தான். எட்டு மணிக்கு வருவதாகவும், அதற்குள் அத்தான் முடிவு சொல்லாவிட்டால் தானே போலீஸில் புகார் கொடுத்துவிடுவதாகவும் போனில் சொல்லிவிட்டான்.

பக்கத்து சூட்கேஸ் கடை ஹபீபுர் ரஹ்மான் டீயோடு வந்தார். "இதுல கொயம்ப இன்னா கீது அண்ணாச்சி? ஷைத்தான் காதுல ஊதிட்டுப் போயிட்டான். ஊதுனது அவன், ஆடுனது யாரு? இவதானே? இவள வுட்டா, நாளைக்கு என் கடையாண்ட வருவா."

மயிலாப்பூரிலிருந்து வேட்டி எடுக்க வந்திருந்த சுந்தரராமன் ஓய்வுபெற்ற சமூகவியல் பேராசிரியர். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "தப்பு அவகிட்ட இல்லை ஓய். நாள் பூரா நின்னுண்டு பட்டையே பாத்துண்டிருக்கா. கட்டிக்க வழியில்லை. நீர் குடுக்கற சம்பளத்தைப் பாரும்!"

"இருபத்தேழு பேருக்கும் அதே சம்பளம்தான் சார். மத்தவங்க எடுக்கலியே?"

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "அது... வேற ஃபேக்டர்" என்றவர், வேட்டியில் இன்னும் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னார்.

மனைவி தங்கம் போனில் தீர்ப்பே சொன்னாள். "அவளுக்கு ஏழரைச் சனிங்க. கடையையும் சேத்துப் பிடிச்சிருக்கு. நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு ஒரு பட்டு சாத்திட்டு வாங்க. தெளிவு வரும்."

ஷைத்தான் என்றால் போலீஸ். சம்பளம் என்றால் நூறு இருநூறு கூட்டலாம். சனிக்கும் வழி இருந்தது. ஆனால் அவள் எதற்கும் தலையாட்ட மாட்டேன் என்கிறாளே!

"வீட்ல கஷ்டமா?"

"பையன் நல்லா சம்பாதிக்கிறான்."

"அப்ப ஆசையா?"

"அரக்கு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது அண்ணாச்சி."

அய்யாதுரைக்குத் தலை சுற்றியது. ஐந்து மணிக்கு அலமாரியிலிருந்து ஒரு பட்டு வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். வாசலில் சொர்ணமே நின்றிருந்தாள். அவளை அங்கே நிற்காதே என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பை" என்றாள் பழக்கத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அவரும் பழக்கத்தில் திறந்துவிட்டார். இருவரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள்.

"பில்லு?" அவள் குரல் பாதிதான் வந்தது.

கல்லா பத்தடி தூரம். அங்கே கூட்டமில்லை. சட்டைப் பையில் பணம் இருந்தது. அவசரம் என்றும் சொல்ல முடியாது. ஆஞ்சநேயர் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

"நான் ஏம்மா பில் போடல?" என்று அவளையே கேட்டார்.

அவள் கல்லாப் பக்கம் கையைக் காட்டினாள்.

அய்யாதுரை உள்ளே போய், ஐந்து நிமிஷத்தில் பில்லோடு வந்து நீட்டினார். சொர்ணம் வழக்கம்போல் வரிவரியாகப் பார்த்தாள். முதல் வரியில் பட்டு வேட்டி. இரண்டாவது வரியில் அரக்குப் புடவை. இரண்டும் அவர் பேரில்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"தெரியலம்மா" என்றார் அய்யாதுரை. "வழிய விடு. மாம்பலம் ஸ்டேஷன்ல கூட்டம் ஏறிடும்."