மஞ்சளாக விடாத கை

நான்தான் செய்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வாய் வராது.

எங்கள் பாசி நிலையத்தின் கண்ணாடிச் சரிவை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பாசித் தண்ணீர் மேலிருந்து மெல்லிசாக வழியும், கீழே சேர்வதைப் பம்பு மறுபடி ஏற்றும். சத்து மாத்திரைக்கும் மீன் தீவனத்துக்கும் பாசி வளர்த்துப் பழகியவன் நான். ஹினெக் கையில் பாசி மஞ்சளானதே இல்லை என்று ஊரே சொல்லும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

டாக்டர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சிக்காரி யார்மிலா, டீசலுக்காகப் பாசியில் எண்ணெய் எடுக்க வந்தவள். வெள்ளிக்கிழமை பிராகிலிருந்து ஒரு குழு வந்து எண்ணெயை அளந்து பார்க்கும். போதுமான அளவு இருந்தால்தான் அவள் ஆராய்ச்சி தொடரும், வேலையும் நிலைக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில், இனி யூரியா போட வேண்டாம், பட்டினி கிடந்தால்தான் பாசி எண்ணெய் சேர்க்கும், மஞ்சளானால் பயப்படாதீர்கள் என்று சொன்னாளாம். நான் காதில் வாங்கவில்லை. டாக்டரம்மா எனக்கே பாடம் எடுக்கிறாளாக்கும் என்று, ரொட்டிக்குள் ஊறுகாய் வெள்ளரியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

புதன் காலை பார்த்தால் சரிவு முழுக்க மஞ்சள். பெரிய மனுஷர்கள் வருகிற நேரத்தில் மானம் போகுமே என்று பதறிப்போனேன். யாரையும் கேட்காமல் ஒரு வாளி யூரியாவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாளே பச்சை திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிடைத்த எண்ணெய் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. என்ன ஆயிற்று என்று இயக்குநர் கமில் எல்லார் முன்னாலும் கேட்டார். பட்டினி போட்டும் எண்ணெய் சேரவில்லை, நாள் கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்றாள் யார்மிலா. பட்டினி என்ற சொல் காதில் விழுந்ததும்தான், நான் ஊற்றிய யூரியாதான் கெடுத்தது என்று எனக்கு உறைத்தது. சும்மா நின்றேன்.

குழுத் தலைவர் சரிவைப் பார்த்து, பச்சை எவ்வளவு அழகு, யார் கைவண்ணம் என்று விசாரித்தார். அவள் என்னைக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். வெட்கங்கெட்டவன்.

மதியம் பொரித்த கெண்டை மீனைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன். அவள் அறைக்குப் போனேன். நுண்ணோக்கியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் தண்ணிய சோதிச்சேன், ஹினெக் சார்," என்றாள். "யூரியா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கமில்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். கை தட்டினப்பகூடப் பார்த்தேன்."

மன்னிச்சிடுங்க என்று ஒரு சொல். அதுகூட வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

கனமில்லை என்றாள்.