மூன்று மாதம் என்று போனவர்

இறந்து கிடந்தவரின் இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. வார்சிக் ஊசியில் நூல் கோத்து, பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து, உடம்பில் இருந்தபடியே தைத்தாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பழைய தையல்கள் இருந்தன.

ஷோகிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெய்ரூட்டிலிருந்து விமானத்தில் யெரெவான், அங்கிருந்து ஐந்து மணி நேரம் பனிச்சாலை. அப்பாவின் அறைக்குள் நுழைந்து கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"பழைய தையல் யார் போட்டது?"

"நான்தான். ஒண்ணு செப்டம்பர்ல. இன்னொண்ணு புது வருஷத்துக்கு முந்தி."

"இவ்வளவு மெலிஞ்சிருந்தாரா?"

வார்சிக் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கிராமத்துச் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். பக்கத்து அறையில்தான் அப்பா பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு என்று தொலைபேசியில் சொன்னவளும் அவள்தான்.

பக்கத்து வீட்டு ராஃபிக் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். "வலி மாத்திரை பிரிக்காம நாலு பெட்டி இருக்கும்மா. மேல்தெருவுல ஒருத்திக்கும் இதே வியாதிதான். அவளுக்குக் கொடுத்துடலாமா?"

"எந்த வியாதி?"

ராஃபிக் வார்சிக்கைப் பார்த்தார். வார்சிக் ஜன்னலைப் பார்த்தாள்.

"வயித்துல கட்டி," என்றார் ராஃபிக் தாழ்ந்த குரலில். "உனக்குத் தெரியாதா?"

"எப்போலேர்ந்து?"

"வரும்போதே தெரியும். பெய்ரூட்லயே பாத்துச் சொல்லிட்டாங்களாம்."

வந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா போனபின் பெய்ரூட்டின் பூர்ஜ் ஹம்மூதில் இருந்த தன் பல் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு, தாய்நாட்டில் தொண்டு செய்ய மூன்று மாதம் என்று பெயர் கொடுத்துப் புறப்பட்டார். மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் என்றார். அப்புறம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாக்கி இருக்கிறார்கள் என்றார். ஞாயிறுதோறும் பேசினார். முகத்தைக் காட்டுங்கள் என்றால், இந்த மலையில் நெட் இழுக்காது என்பார்.

கோட்டுப் பையில் போன் அடித்தது. கணவன் காரோ. திரையில் அவன் முகம், நரைக்கத் தொடங்கிய மீசைவரை பளிச்சென்று தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதா? சவப்பெட்டிக்கு விமானத்துல இடம் சொல்லியாச்சு. வியாழக்கிழமை இங்க சர்ச்சுல அடக்கம்."

"அப்புறம் பேசறேன்."

ராஃபிக் தொப்பியைச் சுழற்றினார். "குழி தோண்டியாச்சேம்மா. மண்ணு கல்லா உறைஞ்சு கெடந்துச்சு. டயரைக் கொளுத்தி இளக்கித்தான் தோண்டினோம்."

"யாரைக் கேட்டுத் தோண்டினீங்க?"

வார்சிக் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஊர்த் தலைவருக்கு அப்பா எழுதியது. இங்கேயே புதைக்கவும் என்று மூன்றே வரி, கையெழுத்து.

"பெய்ரூட்ல எங்கம்மா கல்லறைக் கல்லுல அவர் பேரையும் வெட்டியிருக்கு அக்கா. பிறந்த வருஷம் போட்டு, பக்கத்துல ஒரு கோடு. அம்மா உயிரோட இருக்கும்போதே ரெண்டு பேரும் போய் நின்னு வெட்ட வச்சாங்க."

"சொன்னார்."

"அதையும் சொன்னாரா?" ஷோகிக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. "எனக்கு எதுவும் எழுதலையா?"

"எழுத உக்காந்தார். மூணு தடவை."

"எங்கே அது?"

"அடுப்புல போட்டுட்டார்."

வார்சிக் அவள் கையைப் பிடிக்க வந்தாள். ஷோகிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஷோகிக் ஜான், கண்ணு, என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். 'அங்க போனா நான் நோயாளி. எல்லாரும் என்னைச் சுத்தி மெதுவா பேசுவாங்க. இங்க நான் டாக்டர்'னு சொல்வார்."

"நான் மெதுவா பேசியிருக்க மாட்டேன்!"

வாசலில் நின்ற பெண்கள் திடுக்கிட்டார்கள். அவர்களில் ஒருத்தி மற்றவளின் காதில், "பேச்சு அப்படியே டாக்டர் பேச்சுடி, அதே இழுவை," என்றாள்.

ஷோகிக் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டிலின்மேல் கிடந்த டையை எடுத்தாள். "இதை நான் கட்டறேன்." முதல் முடிச்சு கோணியது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். இரண்டாவதும் கோணித்தான் இருந்தது, விட்டுவிட்டாள்.

காரோவை அவளே அழைத்தாள். "விமானத்துல இடம் வேண்டாம்னு சொல்லிடு."

"என்ன சொல்றே? கல்லுல பேர் இருக்கே?"

"இருக்கட்டும்."

மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. பாதிரியார் வேகமாக ஓதினார். பனி விழுந்துகொண்டே இருந்தது.

பள்ளிக்கூட உணவறையில் நீளமாக மேஜைகள் போட்டிருந்தார்கள். வேகவைத்த மாட்டிறைச்சி, ஊறுகாய், லவாஷ் ரொட்டி. ராஃபிக் எழுந்து, துக்க வழக்கப்படி கோப்பைகள் ஒன்றையொன்று தொடாமல், டாக்டருக்காகக் குடித்தார். "மொத நாள் என் பல்லைப் பிடுங்கினார். 'பக்கத்துலயும் வலிக்குதா'ன்னு கேட்டார். அவர் பேசின பெய்ரூட் பாஷை எனக்குப் புரியல. 'ரொம்ப நன்றி'ன்னேன். பக்கத்துப் பல்லையும் பிடுங்கிட்டார்!"

மேஜை முழுவதும் சிரித்தது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டது. வார்சிக், வாசலில் நின்ற பெண்கள், குழி தோண்டிய ஆண்கள், எல்லோரும் வாயைத் திறந்து சிரித்தார்கள். ஒவ்வொரு வாயிலும் கடைவாய்ப் பல்லில் வெள்ளையாக, வழுவழுப்பாக, அப்பாவின் கைவேலை தெரிந்தது.

ஷோகிக் நாக்கால் இடது கீழ்ப்பல்லின் குழியைத் தடவினாள். இரண்டு வருடம் முன் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் அப்பா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வேறு யாரிடமும் காட்டாதே, வந்து நானே அடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வார்சிக் ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தாள். "சாப்பிடும்மா."

ஷோகிக் அதை எடுத்து வாயில் போட்டு, வலதுபக்கம் ஒதுக்கி, மெதுவாக மென்றாள்.